பச்சை வழியும் சிலை, பொரியும் பீடம், உரியும் சுவரோவியம்: கை வைக்கும் முன் எதைப் பார்ப்பது?

வாளியையும் பிரஷையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு இதைப் படியுங்கள். வெட்டவெளியில் நிற்கிற சிலைக்கு வெயில், மழை, வண்டிப் புகை, புறா என்று தொல்லைகள் ஏராளம்தான். ஆனால் இந்த வேலையைப் பல வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், ஐம்பது மழைக்காலம் செய்யாத சேதத்தை, நல்ல எண்ணத்தோடு ஆசிட் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வந்த ஒருவர் ஒரே காலையில் செய்து முடித்துவிடுவார். அதனால் கீழே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்த வழியாக வெளியே போகிறது? இதற்குப் பதில் தெரியாமல் துடைப்பதும் பூசுவதும் காய்ச்சல்காரருக்கு முகப்பவுடர் போடுகிற கதைதான்.

கையில் வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு டார்ச், சின்னதாக ஒரு காந்தம், தண்ணீர் தெளிப்பான், பஞ்சு சுற்றிய குச்சி நாலைந்து, பென்சில், போன். காந்தம் எதற்கு என்றால், தூரத்திலிருந்து வெண்கலம் மாதிரித் தெரிகிற பல சிலைகள் வெண்கலமே இல்லை; பெயின்ட் அடித்த வார்ப்பிரும்பாகவோ ஃபைபர் கிளாஸாகவோ சிமென்டாகவோ இருக்கும். காந்தம் பிடித்தால் இரும்பு. பிடிக்காவிட்டால் விரல் முட்டியால் லேசாகத் தட்டுங்கள். வெண்கலம் கணீர் என்று பதில் சொல்லும், ஃபைபர் கிளாஸ் பிளாஸ்டிக் டப்பா மாதிரி 'டொக்' என்னும், சிமென்ட் ஒன்றும் சொல்லாது. டார்ச்சை இருட்டிய பிறகு எடுங்கள். மேற்பரப்பை ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால், பகலில் கண்ணுக்கே படாத விரிசலும் உப்பலும் நிழல் விழுந்து தெரிந்துவிடும். போட்டோ எப்போதும் அதே இடத்தில் நின்று, ஓரத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் படம்தான் 'விரிசல் வளர்கிறதா' என்கிற கேள்விக்குச் சாட்சி.

அப்புறம் ஒன்று. பொது இடத்துச் சிலை உங்களுடையது அல்ல. யார் பராமரிப்பில் இருக்கிறதோ அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல், பார்ப்பதற்கும் படம் எடுப்பதற்கும் மேல் எதுவும் செய்யாதீர்கள்.

வெண்கலத்தில் பச்சைக் கோடுகள், கருப்புத் திட்டுகள்

பலரும் பதறிப்போய்க் கேட்பது இதைத்தான், பெரும்பாலும் பதற ஒன்றுமில்லை. வெண்கலம் என்பது செம்போடு வெள்ளீயம் சேர்ந்தது. வெளியில் நிற்க நிற்க முதலில் பழுப்பாகும், பிறகு களிம்பு ஏறும். புகை நிறைந்த நகரக் காற்றில் கந்தகமும் சேர்ந்துகொள்வதால், மழை வழிந்தோடும் தடமெல்லாம் வெளிர்பச்சையாகவும், மழை எட்டாத மடிப்புகள் கருப்பாகவும் போகும். சிலை அழுத மாதிரி முகத்தில் கோடு விழுவது இதனால்தான். பார்க்க ஒரு மாதிரி இருக்கலாம், ஆனால் கெட்டியாக ஒட்டியிருக்கும் களிம்பு கீழே உள்ள உலோகத்துக்குப் போர்வை. தேய்த்து எடுத்துப் பளபளப்பாக்கினால் போர்வையை உருவுகிறீர்கள், அது மறுபடி புதிதாகக் கறுக்க ஆரம்பிக்கும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உலோகம் போகும்.

பஞ்சுக் குச்சியால் ஒரு மூலையில் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். லேசான கறை மட்டும் வந்தால் விட்டுவிடலாம். மாவு மாதிரி வெளிர்பச்சைத் தூள் ஒட்டிக்கொண்டு வந்து, அது இருந்த இடத்தில் குண்டூசித் தலை அளவுக்குக் குழி தெரிந்தால் அது வேறு கதை. அங்கே குளோரைடு புகுந்திருக்கிறது. கடற்காற்றிலிருந்து வந்திருக்கலாம், பனி பெய்யும் ஊர்களில் சாலையில் கொட்டுகிற உப்பிலிருந்து வந்திருக்கலாம், இல்லை எப்போதோ யாரோ ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டால் கழுவியதன் மிச்சமாக இருக்கலாம். செம்பில் ஒட்டிய குளோரைடு, ஈரமும் காற்றும் பட்டதும் அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் புதிதாகக் கொஞ்சம் செம்பைத் தின்னும், தின்றதிலிருந்து மறுபடி அதே உப்பு, மறுபடி அமிலம். இதன்மேல் மெழுகு போட்டு மூடினால் உள்ளே அரிப்பு பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். தூளைச் சுரண்டி எடுத்து, அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் கரைசல் கொடுத்து, அதற்கப்புறம்தான் மூட வேண்டும். அது நச்சு மருந்து, கையுறையும் முகமூடியும் போட்டுச் செய்யத் தெரிந்த கன்சர்வேட்டரின், அதாவது கலைப்பொருள் பாதுகாப்பு வல்லுநரின் வேலை. உங்கள் வேலை படம் எடுத்து, எந்தெந்த இடத்தில் தூள் என்று குறித்து, சீக்கிரம் சொல்லுவது.

எதுவும் தூளாக வரவில்லை, சும்மா அழுக்கு என்றால் சாதாரணப் பராமரிப்பு போதும். உப்பில்லாத நல்ல தண்ணீர், அதில் நடுநிலையான மென்சோப்பு சில துளி, மிருதுவான முடி பிரஷ். புறா எச்சத்தை நனைத்து ஊறவைத்து எடுங்கள், காய்ந்ததைச் சுரண்டாதீர்கள். அதிலிருக்கும் யூரிக் அமிலம் களிம்பையும் கடந்து கறை போடும் என்பதால் அதை மட்டும் தள்ளிப்போடவும் வேண்டாம். நன்றாக அலசி, முழுதாக ஒரு நாள் காயவிட்டு, உலோகம் வெயிலில் இளஞ்சூடாக இருக்கும்போது மைக்ரோகிரிஸ்டலின் மெழுகை மெல்லிசாகப் பூசிக் காய்ந்ததும் துணியால் தேய்த்துவிடுங்கள். தடிமனாகப் பூசினால் இடுக்கில் வெள்ளையாகக் கட்டிக்கொண்டு அசிங்கமாகும். வருடத்துக்கு ஒரு தடவை போதுமா என்பதற்குத் தெளிப்பானே பதில் சொல்லும்: தண்ணீர் முத்து முத்தாக நின்றால் மெழுகு இருக்கிறது, பரவி நிறம் அடர்ந்தால் போய்விட்டது.

வெண்கலச் சிலையின் காலடியில் எப்போதும் ஈரம்

இதை யாரும் கவனிப்பதில்லை. வெண்கலச் சிலை உள்ளே கூடு. மழைத்தண்ணீர் தையல் மாதிரியான மூட்டுகள் வழியாக உள்ளே போகத்தான் செய்யும், அது வெளியேற அடியில் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்கள். ஒரு குதிரை வீரன் சிலை எனக்கு நினைவிருக்கிறது. பின்னங்குளம்புக்கு மேல் ஒரு விரல் உயரத்தில் விரிசல், அதிலிருந்து பச்சைத் தண்ணீர் கசிந்து பீடம் முழுக்கக் கறை. குளம்புக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்தால் ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் அழகாகச் சிமென்ட் பூசியிருந்தது. பீடத்தில் கறை விழுகிறது என்று எப்போதோ ஒருவர் அடைத்திருக்கிறார். கூட வந்த கன்சர்வேட்டர் மூங்கில் குச்சியாலும் சின்ன உளியாலும் பொறுமையாக அதைக் குடைந்தார். முதலில் ஒரு பொட்டு, அப்புறம் ஒரு நூல், அப்புறம் தேநீர் நிறத்தில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது, நாங்கள் ஒரு ஓரமாக உட்கார்ந்து பேசி முடிக்கிற வரைக்கும் நிற்கவில்லை. கூடவே கருப்பு மணல் வந்தது. வார்க்கும்போது உள்ளே கூடு விழுவதற்காக வைத்த மண். அதை முழுதாக எடுக்காமல் விட்டால் நனைந்த பஞ்சு மாதிரி வருடம் முழுவதும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். குளிர்ப் பிரதேசமாக இருந்தால் உள்ளே தேங்கிய தண்ணீர் பனிக்கட்டியாகி விரிந்து காலையே பிளந்துவிடும்.

ஆகவே மெழுகு, களிம்பு எல்லாம் பிறகு. முதலில் ஓட்டை திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மூக்கும் கையும் மட்டும் பொன்னாக மின்னுகின்றன

ஆட்கள் தடவுகிறார்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு கையும் கொஞ்சம் களிம்பையும் கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. வெரோனாவில் உள்ள ஜூலியட் சிலையை அதிர்ஷ்டம் என்று சொல்லித் தடவித் தடவி விரிசலே விட்டுவிட்டது. 2014-இல் மூலச் சிலையை உள்ளே கொண்டுபோய் நகலை நிறுத்தினார்கள். உங்கள் சிலையில் அந்த அளவுக்கு இல்லையென்றால் மின்னுகிற இடத்துக்குச் செயற்கைக் கறுப்பேற்றுவதற்கு ஓட வேண்டாம். தொடுகிற இடத்தில் மெழுகை மட்டும் அடிக்கடி போடுங்கள். கம்பி வேலி போடுவதைப் பற்றி எனக்கு ஒப்புதல் இல்லை, தொட முடியாத சிலையை ஊர் மறந்துவிடும், ஆனால் இது என் கருத்து.

கல்லில் துரு வழிகிறது, மூலை பிளக்கிறது

வெளியே தெரிகிற துருக்கறை முக்கியமில்லை, அது எங்கிருந்து வருகிறது என்பதுதான். கல்லையும் கல்லையும் சேர்க்க உள்ளே இரும்பு முளையோ பட்டையோ வைத்திருப்பார்கள். தண்ணீர் போய்ச் சேர்ந்ததும் அது துருப்பிடிக்கும், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கல் இடம் கொடுக்காது, பிளக்கும். பழைய கிரேக்கர்களுக்கு இது தெரியும். இரும்புப் பட்டையைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலைப் பழுதுபார்த்த நிக்கோலாஸ் பலானோஸ், ஈயம் இல்லாமல் வெறும் இரும்பை வைத்தார். இரண்டாயிரம் வருடம் தாங்கிய பளிங்கு, சில பத்தாண்டுகளில் அவர் வைத்த இரும்பாலேயே வெடித்தது. இப்போது அதையெல்லாம் தோண்டி எடுத்துவிட்டு டைட்டானியம் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பழுதுபார்த்ததையே பழுதுபார்ப்பது இந்தத் தொழிலில் பாதி வேலை.

இரண்டு உலோகம் ஒட்டி நிற்கும் இடத்திலும் இதே தலைவலி. 1886-இல் திறந்த நியூயார்க் சுதந்திர தேவி சிலையின் செப்புத் தோல் வெறும் 2.4 மி.மீ. தடிமன், அதை உள்ளே இரும்புச் சட்டங்கள் தாங்கின. இரண்டுக்கும் நடுவே அரக்கில் தோய்த்த அஸ்பெஸ்டாஸ் பட்டை. பட்டை நைந்துபோனதும் உப்புக்காற்று ஈரத்தில் செம்பும் இரும்பும் பேட்டரி மாதிரி வேலை செய்து, இரும்பு துருவாகிப் பருத்து, ஆணிகளைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. 1986-இல் முடிந்த பெரிய பழுதுபார்ப்பில் இரும்புச் சட்டங்களை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகைப் போட்டு, நடுவே டெஃப்லான் வைத்தார்கள். உங்கள் வெண்கலச் சிலையை யாராவது சாதாரண இரும்பு போல்ட்டால் பீடத்தில் முறுக்கியிருந்தால் அங்கேயும் இதே பேட்டரிதான் ஓடிக்கொண்டிருக்கிறது. காந்தத்தை எடுத்துச் சுற்றிலும் வைத்துப் பாருங்கள்.

விரிசலுக்குக் குறுக்கே பென்சிலால் மெல்லிய கோடு போட்டுத் தேதியைக் குறித்து வைக்கலாம். கல்லின் மேல் எழுத வேண்டாம், ஒட்டிய காகித நாடாவின் மேல், அதுவும் கெட்டியான பரப்பில் மட்டும். மூலை கையோடு அசைந்தால் கீழே ஆள் நடமாட்டத்தை நிறுத்துங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

பளிங்கு ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் வெள்ளை

எல்லோரும் கருப்பைத் தேய்க்க ஓடுவார்கள். உண்மையில் அதிகம் இழந்திருப்பது வெள்ளைப் பக்கம். பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும் கால்சியம் கார்பனேட். காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடு ஈரத்தோடு சேர்ந்து அதை ஜிப்சமாக மாற்றிவிடும், ஜிப்சம் தண்ணீரில் பளிங்கைவிட எவ்வளவோ எளிதாகக் கரையும். மழை அடிக்கிற பக்கம் அந்த ஜிப்சம் கழுவிக்கொண்டு போகும், கூடவே இமையும் விரல் நகமும் போகும். மழை படாத பக்கம், தாடைக்கு அடியில், ஆடை மடிப்பில், அது புகைக்கரியைப் பிடித்துக்கொண்டு கருப்புப் பொருக்காகக் கட்டும். அந்தப் பொருக்கைச் சுரண்டினால் சிற்பி செதுக்கிய மேல்தோலும் சேர்ந்து கையோடு வந்துவிடும், ஏனென்றால் அடியில் கல் பெரும்பாலும் மாவாகியிருக்கும்.

ஓரத்தில் விரலை வைத்துப் பாருங்கள், அழுத்தாமல். சர்க்கரை மாதிரி மணி மணியாக உதிர்கிறதா? சரி, இனி தண்ணீர்கூட ஊற்றாதீர்கள். வெயிலில் சூடாகும்போது பளிங்கிலுள்ள படிகம் ஒரு திசையில் விரிந்து இன்னொரு திசையில் சுருங்கும், வருடக்கணக்கில் இப்படி ஆடி ஆடிப் படிகங்களுக்கு நடுவே பிடிப்பு விட்டுப்போயிருக்கிறது. இதைக் கெட்டிப்படுத்தும் வேலை தனிக்கலை.

உதிரவில்லை, கல் கெட்டி என்றால் வழிகள் இருக்கின்றன. மணிக்கணக்கில் மெல்லிய நீர்ப்பனி தெளித்துப் பொருக்கை இளக்குவது ஒன்று. அம்மோனியம் கார்பனேட்டைக் காகிதக்கூழில் குழைத்துப் பற்றுப் போடுவது இன்னொன்று, அடிபட்ட முட்டிக்குப் பற்றுப் போடுகிற மாதிரியேதான். லேசர் மூன்றாவது, கருப்பு ஒளியை விழுங்கிச் சூடாகித் தெறித்துவிடும், வெள்ளைக் கல் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும், அதனால் பொருக்கு போனதும் வேலை தானாக நின்றுவிடுகிறது. 1970-களில் வெனிஸில் சோதித்துப் பார்க்க ஆரம்பித்த முறை இது. மூன்றுமே பழகிய கை கேட்பவை. பழகாத கை கேட்பது பிரஷர் வாஷரை, அதை எங்கும் பக்கத்தில் விடாதீர்கள். அழுக்கோடு கல்லின் தோலையும் உரித்து, துளைகளைத் திறந்து, அடுத்த அழுக்குக்குக் கதவு திறந்துவிடும். கம்பி பிரஷும் வேண்டாம், அதன் துணுக்குகள் கல்லில் சிக்கி அடுத்த மழைக்குத் துருப்புள்ளியாக மலரும்.

பீடத்தின் அடியில் வெள்ளையாகப் பூக்கிறது, தோல் உரிகிறது

உப்பு. ஈரத்துணியால் துடைத்ததும் மறைந்துவிடும், வேலை முடிந்தது என்று போய்விடுவீர்கள், மூன்று நாள் வெயில் அடித்ததும் மறுபடி பூத்திருக்கும். நீங்கள் துடைத்த தண்ணீரே அதைக் கரைத்து உள்ளே கொண்டுபோய்விட்டது, அவ்வளவுதான். மண்ணிலிருந்து ஓதம் ஏறும்போது உப்பையும் தூக்கிக்கொண்டு வரும். தண்ணீர் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகும், படிகம் துளைக்குள் வளரும்போது கல்லை உள்ளிருந்து நெம்பும். வெளியே பூத்தால்கூடப் பரவாயில்லை. உள்ளே, தோலுக்கு ஒரு மி.மீ. அடியில் பூத்தால்தான் அப்பளம் மாதிரிப் பெயர்ந்து வரும்.

வழிமுறை: காய்ந்த மிருதுவான பிரஷால் தட்டி, ஒரு தட்டில் சேகரித்து அப்புறப்படுத்துங்கள், பீடத்தடியிலேயே கொட்டினால் அடுத்த மழையில் திரும்பி ஏறும். பிறகு சுற்றிலும் பாருங்கள். பீடத்தை ஒட்டிப் பூச்செடி வைத்துத் தினமும் ஹோஸ் பிடிக்கிறார்களா? தரை பீடத்தை நோக்கிச் சரிகிறதா? மூட்டுகளில் பழைய சுண்ணாம்புக் காரைக்குப் பதில் சிமென்ட் வைத்திருக்கிறார்களா? இந்த மூன்றாவதுதான் பெரிய குற்றவாளி. சுண்ணாம்புக் காரை கல்லைவிட மென்மை, ஈரம் அதன் வழியாக மூச்சு விடும், உப்பு அங்கேயே பூக்கும், காரை உதிரும், கொத்தனார் இருபது வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுவார், கல் பிழைக்கும். சிமென்ட் வழிவிடாது, ஈரம் கல் வழியாகத்தான் போயாக வேண்டும், உதிர்வதும் கல்தான். மேலே பளபளப்பான வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடிக்கச் சொல்கிறவர்கள் வருவார்கள். உள்ளே ஏறும் ஓதத்தை நிறுத்தாமல் வெளியே அடைத்தால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

அலெக்ஸாண்டிரியாவில் நெடுங்காலம் நின்றிருந்து, 1881-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நட்ட எகிப்தியத் தூண் இதற்குப் பழைய உதாரணம். வந்து சில வருடத்திலேயே கல் ஏடு ஏடாகப் பெயர, 1885-இல் ஆட்களை வைத்துத் தளர்ந்திருந்த துண்டுகளை நூற்றுக்கணக்கான கிலோ பெயர்த்து எடுத்துவிட்டுச் சூடான பாரஃபின் மெழுகைப் பூசினார்கள். காப்பாற்றத்தான் செய்தார்கள். எழுத்து இருந்த தோல் போனது போனதுதான்.

பாசி, செடி

சுருக்கமாக. பச்சைப் பாசி என்றால் அங்கே ஈரம் தங்குகிறது, நிழலும் வடிகாலும் பார்க்க வேண்டும். காய்ந்தபின் மிருதுவாகத் துலக்கினால் போதும். ப்ளீச்சிங் பவுடர் வேண்டாம், உப்பை விட்டுவிட்டுப் போகும். கல்லோடு கல்லாக ஒட்டிய வட்டமான கல்பாசியைப் பிய்க்காதீர்கள், அதன் இழைகள் உள்ளே போயிருக்கும், கல்லோடு வரும். மூட்டில் அரசோ ஆலோ முளைத்திருந்தால் இழுத்துப் பிடுங்காதீர்கள். வேர் எங்கே சுற்றியிருக்கிறதோ அந்தக் கல்லும் சேர்ந்து வரும். வெட்டி, அடிக்கட்டையில் மருந்து வைத்து, பட்டுப்போன பிறகு எடுக்க வேண்டும். இரண்டு இலை விட்டிருக்கும்போதே கவனித்தால் விரல் நுனி வேலை.

யாரோ ஸ்பிரே பெயின்ட் அடித்துவிட்டார்கள்

இந்த ஒன்றில்தான் அவசரம் நல்லது. பெயின்ட் புதிதாக இருக்கும்போது மேலே நிற்கும், நாள் ஆக ஆகத் துளைக்குள் இறங்கிக் கெட்டியாகும். ஆனால் அவசரம் என்பது கண்டதை ஊற்றுவது அல்ல. தின்னரைத் துணியில் நனைத்துத் துடைத்தால் பெயின்ட் கரைந்து இன்னும் ஆழமாக இறங்கும், எழுத்து போய்ச் சிவப்பு மேகம் ஒன்று நிரந்தரமாகத் தங்கும். ஜெல்லாக இருக்கும் கரைப்பானைக் கண்ணுக்குப் படாத மூலையில் உள்ளங்கை அளவு சோதித்துவிட்டு, பூசி, ஊறவிட்டு, தட்டையான மரக்குச்சியால் வழித்தெடுத்து, மிச்சத்துக்குப் பற்று. மெழுகு போட்ட வெண்கலம் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தது, மெழுகோடு பெயின்டும் வந்துவிடும். கல்லிலும் அந்த மாதிரி, போனால் போகட்டும் என்று முன்கூட்டியே பூசி வைக்கும் பலிப்பூச்சுகள் உண்டு. ஆனால் கல் மூச்சுவிடத் தடையில்லாத வகைதானா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கோபன்ஹேகனில் 1913-இலிருந்து கடலோரப் பாறையில் உட்கார்ந்திருக்கும் கடற்கன்னிக்கு நடக்காதது ஒன்றுமில்லை. 1964-இல் தலையை அறுத்தார்கள், 1984-இல் கை போனது, 1998-இல் மறுபடி தலை, இடையில் பெயின்ட் எத்தனையோ தடவை. ஒவ்வொரு தடவையும் சரிசெய்து உட்காரவைக்கிறார்கள். சேதம் நடந்த சிலைக்கு முன்னாலேயே நல்ல அளவெடுப்பும் படமும் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பதற்காக இதைச் சொல்கிறேன். முப்பரிமாண ஸ்கேன் வசதி உள்ள யாராவது கிடைத்தால் சிலை முழுதாக இருக்கும்போதே எடுத்து வையுங்கள்.

எழுதியது அரசியல் கோபம் என்றால் துடைப்பதற்கு முன் அதையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். அதுவும் அந்தச் சிலையின் கதைதானே.

சுவரோவியம் வெளுக்கிறது, உப்புகிறது, உரிகிறது

மூன்றும் மூன்று நோய். முழுவதும் ஒரே சீராக வெளுத்தால் வெயில். சிவப்பும் மஞ்சளும் முதலில் போய், நீலம் மட்டும் நிற்பது போலத் தெரிந்தால் மலிவான சாயம் கலந்த வண்ணம். ஒன்றும் செய்ய முடியாது, ஓவியர் இருந்தால் அவரையே கூப்பிட்டு மேலே எழுதச் சொல்வதுதான் வழி. திட்டுத் திட்டாக உப்பி, அமுக்கினால் கொப்புளம் மாதிரி இருந்தால் சுவருக்குப் பின்னால் தண்ணீர். மாடியில் ஏறிப் பாருங்கள், மழைநீர்க் குழாய் அங்கேதான் உடைந்திருக்கும். ஓவியத்தைத் தொடாமல் குழாயை மாற்றுங்கள், சுவர் முழுதாகக் காயப் பல மாதம் ஆகும், அதற்குள் மேலே வண்ணம் தொட்டு ரீடச் செய்யாதீர்கள். மூன்றாவது, கண்ணாடித்தாள் மாதிரி மேலே மட்டும் மஞ்சளித்து உரிந்தால் அது ஓவியம் அல்ல, பாதுகாப்புக்கு என்று அடித்த வார்னிஷ். உரியும்போது கீழுள்ள வண்ணத்தையும் கூட்டிக்கொண்டு போகும்.

மங்கிய ஓவியத்தைப் 'பழையபடி' ஆக்கிவிடலாம் என்று ஆசை வரும். மெக்சிகோ ஓவியர் சிக்கைரோஸ் 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் வரைந்த பெரிய சுவரோவியத்தை அது சொன்ன சேதி பிடிக்காமல் சில வருடத்திலேயே வெள்ளையடித்து மறைத்தார்கள். பல பத்தாண்டு கழித்து கெட்டி (Getty) என்கிற கலைப் பாதுகாப்பு நிறுவனம் முன்நின்று அதைக் காப்பாற்றி, 2012-இல் மக்கள் பார்வைக்குத் திறந்தபோது மறுபடி வண்ணம் தீட்டவில்லை. சுத்தம் செய்து, உதிராமல் பிடித்துவைத்து, மேலே கூரை போட்டு, மங்கலாகவே விட்டார்கள். நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கான சர்வதேச விதித்தொகுப்பான 1964-இன் வெனிஸ் சாசனமும் இதையே சொல்கிறது: ஊகம் ஆரம்பிக்கிற இடத்தில் பழுதுபார்ப்பு நிற்க வேண்டும்.

புதுக் காலத்துச் சிற்பங்கள்: கான்கிரீட், துருவெஃகு, ஃபைபர் கிளாஸ்

கான்கிரீட்டில் கம்பியோடு போகிற நேர்க்கோட்டு விரிசல் தெரிந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது. காற்றின் கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே இறங்கி, கம்பியைக் காத்துவந்த காரத்தைக் குறைத்துவிடும். புதிதாகப் பெயர்ந்த பரப்பில் ஃபினால்ஃப்தலின் தெளித்தால் காரம் உள்ள இடம் இளஞ்சிவப்பாகும், நிறமே மாறாத இடம் கம்பி வரை வந்துவிட்டதா என்று பொறியாளர் பார்ப்பார். மேலே சிமென்ட் அப்பி மறைப்பது ஒரு மழைக்காலத்துக்கு.

துருவெஃகு, அதாவது கார்டென், துருப்பிடிப்பதற்கென்றே செய்த எஃகு. சிகாகோவில் 1967-இல் வைத்த சுமார் 15 மீட்டர் உயர பிக்காசோ சிற்பம் அப்படித்தான். நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, துருவே கவசமாகும். காயாமல் ஈரம் நின்றால் கவசம் கட்டாது, ஏடு ஏடாக உதிரும். அதனால் அடியில் சருகு குவிந்திருந்தால் வாரிவிடுங்கள், மூலையில் குட்டை தேங்கினால் வடியவிடுங்கள். பெயின்ட் அடித்து 'துருவைச் சரிசெய்துவிட்டேன்' என்று ஒருவர் பெருமையாகக் காட்டியதைப் பார்த்திருக்கிறேன், பாவம்.

ஃபைபர் கிளாஸ் தொட்டால் கையில் சுண்ணாம்புத் தூள் ஒட்டினால் வெயிலில் மேல்பூச்சு போய்விட்டது. இழை வெளியே தெரியும் முன் மறுபூச்சு.

துண்டு பெயர்ந்து விழுந்துவிட்டது

ஆளுக்கு ஆள் ஞாபகப்பொருளாக எடுத்துக்கொண்டு போவதற்கு முன் எல்லாவற்றையும் பொறுக்குங்கள், பொடியைக்கூட. விழுந்து கிடக்கிற நிலையிலேயே ஒரு படம், எந்த இடத்திலிருந்து வந்தது என்று அம்புக்குறி போட்ட இன்னொரு படம். ஒவ்வொரு துண்டையும் தனித்தனிக் காகிதத்தில் சுற்றி, தேதி எழுதி, காய்ந்த இடத்தில் வையுங்கள்; பிளாஸ்டிக் பையில் போட்டால் உள்ளே வியர்க்கும். உடைந்த முகத்தைக் கழுவாதீர்கள், விரலால் தடவாதீர்கள், பொருந்துகிறதா என்று மாறி மாறி வைத்துப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் ஓரத்தில் இரண்டு மணி உதிரும், கடைசியில் பொருந்தாமல் போகும். முக்கியமாக, எபாக்சி டியூபை எடுக்காதீர்கள். ஒட்டியதைப் பின்னால் பிரிக்கவே முடியாது. உள்ளே துருப்பிடித்த முளை இருந்தால் அது ஒட்டிய துண்டையும் ஒட்டாத துண்டையும் சேர்த்தே தள்ளும். கன்சர்வேட்டர் வரும்வரை அந்த வெற்றிடத்தின் மேல் மழை விழாமல் ஒரு மறைப்பு, காற்று போக அடியில் இடைவெளி விட்டு.